ஏழு இருபது வண்டியில் கடலாடி பேண்டு

திருவண்ணாமலையிலிருந்து போளூருக்குக் காலை ஏழு இருபதுக்கு ஒரு தனியார் பஸ் புறப்படும். முதலாளி அதன் நெற்றியில் பெரிதாக ஒரு பெயர் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்து ஏறியவர் ஒருவரும் கிடையாது. ஜனங்களுக்கு அது 'ஏழு இருபது வண்டி'. முன்னால் போவது 'ஏழு பத்து', பின்னால் வருவது 'ஏழரை'. ஏழரையில் ஏறினால் போன காரியம் விளங்காது என்று பயந்து இதில் தொற்றிக்கொள்கிறவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் வேடியப்பனை நம்பி ஏறினார்கள்.

வேடியப்பன் டிரைவர். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் எட்டு இருபதைத் தாண்டிப் போளூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததில்லை. முன்னாலும் நுழைந்ததில்லை. முன்னால் போனால் ஏழு பத்துக்காரன் சண்டைக்கு வருவான், பின்னால் போனால் டைம் கீப்பர் நோட்டில் எழுதுவார். இத்தனைக்கும் மனுஷன் கையில் வாட்ச் கிடையாது. ஒருமுறை மணி பார்க்கக் கையைத் திருப்பியபோது வண்டி ஒரு மைல்கல்லைப் போய் முட்டியதிலிருந்து அதைக் கட்டுவதை விட்டுவிட்டார். “கண்ணு ரோட்டுக்கு, காது பாட்டுக்கு” என்பார். வண்டியில் ஓடும் டேப்தான் அவருக்குக் கடிகாரம்.

அறுபது நிமிஷக் கேசட். முதல் பக்கம் தீர்ந்தால் நாயுடுமங்கலம், திருப்பிப் போட்டு அதுவும் தீர்ந்தால் போளூர். நடுவில் எந்தப் பாட்டு எந்தப் புளியமரத்தடியில் முடிய வேண்டும் என்பது வரைக்கும் அவருக்குக் கணக்கு உண்டு. பாட்டு முடிவதற்குள் கலசபாக்கம் வந்துவிட்டால் காலைத் தளர்த்துவார். பாட்டு முடிந்தும் கலசபாக்கம் வராவிட்டால் அழுத்துவார். எல்லாம் சரிதான். ஆனால் மூன்று வருஷமாக ஒரே கேசட்! அதில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வருகிற 'கர்ர்' சத்தத்துக்குக்கூட கண்டக்டர் காசியால் தாளம் போட முடியும்.

காசிக்கு வயது இருபத்தெட்டு. கடலாடி பேண்டு என்றால் அவனுக்கு உயிர். சினிமாப் பைத்தியம், சீட்டுப் பைத்தியம் எல்லாம் பார்த்திருப்பீர்கள், பேண்டுப் பைத்தியத்தை அவனிடம்தான் பார்க்கலாம். கடலாடி இராமலிங்கம் பேண்டு செட்டு இருபது வருஷமாக அந்த வட்டாரத்தில் கொடிகட்டிப் பறந்த குழு. பதினோரு பேர், சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைக் குஞ்சம். நடுவில் இராமலிங்கம் கிளாரினெட்டை எடுத்தால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஊரே அவரைப் பார்க்கும். ஐயரிடம் நாள் குறிக்கப் போவதற்கு முன்னால் கடலாடிக்கு ஆள் அனுப்பி, “அந்தத் தேதி ஒழியுமா?” என்று கேட்டுக்கொண்ட குடும்பங்கள் உண்டு. காசி பத்திரிகை வைக்காத கல்யாணங்களுக்கும் போய் நின்றிருக்கிறான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பது அவன் கட்சி. சாப்பிட்டால்தானே தப்பு, கேட்டால் என்ன?

இதை வேடியப்பனிடம் சொல்லப் போய்த்தான் வம்பு வந்தது.

“பேண்டா? அது பந்தி போடற வரிக்கும் பசி தெரியாம இருக்க ஊதற சத்தம்டா” என்றார் அவர்.

“அண்ணா, நீங்க கேட்டதே இல்ல. கேக்காமயே பேசாதீங்க.”

“கேட்டு இன்னா ஆவப் போவுது? காது வலிதான் ஜாஸ்தியாவும்.”

காசிக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் போடா என்று விட்டிருப்பான். வேடியப்பன் அப்படியா? ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஒரே வண்டியில் வேகிறவர்கள் இருவரும். காசியின் கல்யாணத்துக்கு முன்னால் நின்று பந்தல் போட்டவர் அவர். ருசியானது எதையும் ஒண்டியாகத் தின்னத் தெரியாதவன் காசி. தன் உயிரானது தன் கூட்டாளிக்கு வெறும் சத்தம் என்றால் அவனால் எப்படிப் பொறுக்க முடியும்? விடாமல் ஒரு மாதம் நச்சரித்தான்.

கடைசியில் வேடியப்பன் இறங்கி வந்தார். “சரிடா, ஒரே ஒரு டிரிப்பு. எந்தப் பாட்டு முடிஞ்சா எந்த ஊருன்னு அட்டையில எழுதிக் குடு. டைம் தப்பிச்சுன்னா, அதோட சரி. அப்புறம் இந்த வண்டியில பேண்டுன்ற பேச்சே எடுக்கக் கூடாது. சாமி சத்தியம்.”

“சாமி சத்தியம்” என்றான் காசி, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு.

கடலாடி பேண்டு கேசட் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் கொஞ்சம் வசதியான கல்யாண வீடுகளில் ஒரு டேப்பை வைத்து முகூர்த்தத்தைப் பதிவு செய்திருப்பார்கள். காசி ஐந்து வீடுகளில் கெஞ்சிக் கூத்தாடி ஐந்து கேசட் வாங்கிவந்தான். எல்லாவற்றிலும் பேண்டு இருந்தது. கூடவே குழந்தை அழுகையும், “சாம்பார் வாளிய எவன்டா எடுத்தது?” என்ற கூச்சலும் இருந்தன. சத்தம் கம்மியாக இருந்த ஏழு உருப்படிகளைப் பொறுக்கி எடுத்தான்.

எதை முதலில் வைப்பது என்பதுதான் பெரிய யோசனை. எடுத்ததுமே ஆனந்தபைரவியைப் போட்டால் மனுஷன் சொக்கிவிடுவார். அவர் சொக்கினால் ஐம்பது பேரும் சேர்ந்து சாமியிடம் போகவேண்டியதுதான். பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போது நாட்டையில் ஒரு மார்ச், மாட்டு வண்டிகளுக்கு நடுவில் மிடுக்காகப் போக. வேங்கிக்கால் தாண்டினால் ரோடு காலி, அங்கே செஞ்சுருட்டியில் காவடிச் சிந்து மெட்டு. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி, பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது வாசிக்கிற ஆனந்தபைரவியைக் கடைசிக்கு வைத்தான். அதற்குள் வேடியப்பனின் காது பழகியிருக்கும் என்பது கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. மச்சான் மூர்த்தியின் டேப்பில் கல்யாணக் கேசட் பாடும், எதிரே காசியின் டேப் அதைப் பதிவு செய்யும். இரண்டையும் மூஞ்சிக்கு மூஞ்சி வைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மனைவி சரோஜாவிடம் வாட்சைக் கொடுத்து உட்கார வைத்தான். அவள் நிமிஷத்தை விரல் விட்டுக் காட்ட வேண்டும், வாய் திறக்கக் கூடாது, தாளிக்கவும் கூடாது.

“கொழம்பு தாளிக்காமயே தின்னு அப்போ” என்று அவள் ஜாடையிலேயே சொன்னாள்.

முதல் பக்கம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இரண்டாம் பக்கத்துக்கு நாடாவைச் சுற்றி வைக்கும்போது கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலையில் கேசட்டைக் கொடுப்பதாக வாக்கு. மூர்த்தியின் டேப்பில் புது பேட்டரிக் கட்டைகள் இருந்தன. காசியின் டேப்புக்கு இருந்தவை பழசு.

“கடையில புதுசா வாங்கிக்கினு வா” என்றாள் சரோஜா.

“ஞாயித்துக்கெழம எவன் கட தொறந்து வச்சிருக்கான்? வெயில்ல போட்டா ஏறிக்கும்.”

ஊரில் எல்லாரும் செய்கிற வித்தைதான். நான்கு கட்டைகளையும் மாடியில் வற்றலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் காய வைத்து, திருப்பித் திருப்பிப் போட்டு, சூடாக எடுத்து வந்து டேப்பில் போட்டான். சுற்றியது! மீதி நான்கு உருப்படிகளும் பதிவாகின. காசி ஏமாந்தவன் அல்ல, அதே டேப்பில் திருப்பிப் போட்டுக் கேட்டும் பார்த்தான். எல்லாம் தாளம் பிசகாமல் இருந்தது. இருக்காதா பின்னே? வெயிலில் காய்ந்த கட்டை சோம்பலாகத்தான் சுற்றும். சோம்பலாகப் பதிவு செய்ததை அதே சோம்பலில் திருப்பிப் பாடினால் எல்லாம் சரியாகத்தான் கேட்கும். வேறு நல்ல டேப்பில் போடும்போது அல்லவா வேஷம் கலையும்? அது அவனுக்குத் தோன்றவில்லை. மணி மணியான எழுத்தில் அட்டையில் ஊர்ப் பெயர்களை எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்தான்.

திங்கள்கிழமை வண்டியில் கால் வைக்க இடமில்லை. வேடியப்பன் கேசட்டை வாங்கி அட்டையை ஒருமுறை படித்து, டேப்பில் தள்ளினார். நாட்டை மார்ச் கிளம்பியது. காசி டிக்கெட் கிழித்தபடியே அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. வேங்கிக்காலுக்கு அப்பால் காவடிச் சிந்து ஆரம்பித்தபோது ஹாரன் அடிக்கிற கை லேசாகத் தாளத்தில் விழுந்தது. நாயுடுமங்கலத்தில் வண்டி நிற்கவும் முதல் பக்கம் தீரவும் சரியாக இருந்தது. வேடியப்பன் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கண்ணாடியில் காசியைப் பார்த்து, “பரவால்லடா” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குக் காசி ஒரு மாதம் தவம் கிடந்திருக்கிறான். சந்தோஷத்தில் ஒரு கிழவருக்கு இரண்டு டிக்கெட் கிழித்துவிட்டான்.

இரண்டாம் பக்கத்தில் முதல் சத்தம் வந்ததும் அவன் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினான். கிளாரினெட் கீச்சென்றது. டிரம் தடதடவென்று ஓடியது. பதினோரு பேரையும் நாய் துரத்துகிற மாதிரி இருந்தது. காசிக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. மாடி, வற்றல், கட்டை!

விசில் ஊதி வண்டியை நிறுத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் கொண்டுபோனான். ஆனால் கண்ணாடியில் வேடியப்பனின் முகம் தெரிந்தது. மனுஷனுக்குத் தலை ஆடுகிறது, தோள் ஆடுகிறது, பல் முப்பத்திரண்டும் வெளியே! உருப்படி முடிந்தும் கலசபாக்கம் வரவில்லையே என்று வண்டியை அழுத்தினார். வண்டி பறந்தது.

“இன்னா கண்டக்டரு, டிரைவருக்குக் கல்யாணமா?” என்றாள் கூடையோடு நின்றிருந்த கன்னியம்மாள். கீரை விற்கிறவள், தினமும் வருகிற பார்ட்டி. “சீக்கிரம் போய்ச் சேந்தா நல்லதுதான், கீர வாடாது.”

விசில் கையிலேயே இருந்தது. நிறுத்திச் சொன்னால் சத்தியப்படி பேண்டு இன்றோடு சரி. சொல்லாவிட்டால் வேடியப்பன் கடலாடி பேண்டுக்கு அடிமை. நாளைக்குச் சரியாகப் பதிவு செய்து ஓசைப்படாமல் கேசட்டை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? காசி மனசுக்குள் இப்படிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போதே கலசபாக்கம் வந்து போனது. அங்கே ஏறிய ஒரு பெரியவர், கையில் நீளமான துணிப்பையோடு முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பின்பக்கம் மாட்டிக்கொண்டிருந்த காசிக்கு அவர் பிடரி மட்டும்தான் தெரிந்தது.

போளூருக்கு முன்னால் உள்ள ரயில்வே கேட்டை ஏழு இருபது வண்டி தினமும் ரயில் போன பிறகுதான் தாண்டும். அன்றைக்கு நாலு நிமிஷம் முன்னாடியே வந்து நின்றது. கேட் சாத்தியிருந்தது. வேடியப்பன் இஞ்சினை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் டேப் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஆனந்தபைரவி. பெண்ணை அனுப்பும் உருப்படி, பெண்ணைக் கடத்திக்கொண்டு ஓடும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

காசி பிதுங்கிப் பிதுங்கி முன்னால் வந்தான். டிக்கெட் கேட்கக் கை நீட்டினான். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

சிவப்புக் கோட்டு இல்லை, ஜரிகைக் குஞ்சம் இல்லை. ஆனாலும் அந்த முகத்தை அவன் நூறு கல்யாணத்தில் பார்த்திருக்கிறான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். இப்படியா வரும், இந்த நேரம் பார்த்தா?

“எப்பிடிங்க நம்ம பாட்டு?” என்று வேடியப்பன் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். புதிதாக மதம் மாறியவனுக்கு உள்ள ஆவேசம் குரலில் இருந்தது.

“யாரு வாசிக்கறது?” என்றார் பெரியவர்.

“கடலாடி பேண்டுங்க! கேட்டதில்லியா? இராமலிங்கம்னு ஒருத்தர், கிளாரினெட்டு. இன்னா ஸ்பீடு பாருங்க! அந்தாளு மூச்சு வாங்குறாரா இல்லியான்னே தெரியல.”

“அவரு இவ்ளோ வேகமா வாசிக்க மாட்டாருங்களே.”

“உங்களுக்கு இன்னாங்க தெரியும்?” வேடியப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. “பேண்டுன்னா சும்மா பந்தி வரிக்கும் ஊதற சத்தம்னு நெனச்சுக்கினு இருக்கீங்க. இவரு வேற மாதிரிங்க. நம்ம காசியக் கேளுங்க, சொல்லுவான்.”

பெரியவர் காசியைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, கொஞ்சம் சிரிப்புதான் இருந்தது. நான் யார் என்று நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்பதுபோலவும் இருந்தது. அவர் வாயைத் திறக்கப் போவதில்லை என்பது காசிக்குப் புரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. அவர் முன்னாலேயே அவரைப் பொய்யாக ஒருவருக்குப் பிடிக்க வைத்து நிற்பதா? காசிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அண்ணா, அது தப்பு. பாட்டு ஓடுது. நான்தான் பழைய கட்டைய வெயில்ல போட்டு ரெக்கார்டு பண்ணிட்டேன். ரெண்டாம் பக்கம் பூரா வேகமா ஓடுது. இவங்க அப்பிடி வாசிக்க மாட்டாங்க” என்று ஒரே மூச்சில் சொன்னான். “இவங்கதாண்ணா அவரு.”

வேடியப்பன் பெரியவரைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், சாத்தியிருந்த கேட்டைப் பார்த்தார். முகம் கறுத்தது.

“அப்போ நான் இவ்ளோ தூரம் அடிச்சு ஓட்டிக்கினு வந்தது?”

“தப்பு டைம்தாண்ணா.”

அவர் கேசட்டை வெளியே எடுத்துக் காசியின் தோல் பையில் போட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. காசிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருஷமாக ஓடிய அந்தப் பழைய கேசட்டை வேடியப்பன் தேடி எடுத்தார்.

“செத்த இருங்க” என்றார் இராமலிங்கம். “தம்பி மேல தப்பு இல்ல. எங்க பாட்டக் கேக்கறதுக்கு இவ்ளோ பாடுபட்ட ஆள நான் பார்த்ததில்ல. ஆனா அந்தக் கடைசிப் பாட்டு பொண்ண அனுப்பறப்ப வாசிக்கறது. அத அப்பிடி ஓட்டினா பொண்ணு அழறதுக்குள்ள வண்டி போயிடும். அது மட்டும் உங்க காதுல அப்பிடியே நிக்கக் கூடாது.” துணிப்பையை அவிழ்த்து, கிளாரினெட்டை ஒன்றோடொன்று பொருத்தினார். “கேட்டு தொறக்கற வரிக்கும்.”

வாசித்தார். பின்னால் டிரம் இல்லை, பத்துப் பேர் இல்லை. ஒரு கிளாரினெட் மட்டும். முதல் சுரத்தை எடுத்து, அதை விட மனசில்லாததுபோல வைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அடுத்தது. வண்டியில் சில்லறைக்குத் தகராறு செய்துகொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கன்னியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையை எடுத்தாள். அவளுடைய மகளைச் செங்கத்துக்குக் கட்டிக் கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. காசி இந்த உருப்படியை முப்பது தடவை கேட்டிருப்பான். இரண்டடி தூரத்தில் கேட்டதில்லை. அவன் பாட்டைக் கேட்கவில்லை, வேடியப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. தலை ஆடவில்லை, தோள் ஆடவில்லை.

நடுவில் ரயில் வந்தது, அன்றைக்கு ஐந்து நிமிஷம் லேட்டாக. அது தாண்டிப் போகும் வரை இராமலிங்கம் வாசிப்பை நிறுத்தவில்லை. கேட் மேலே ஏறியது. முன்னால் நின்ற லாரி போனது. பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. இராமலிங்கம் கண்ணைத் திறந்து, நிறுத்தட்டுமா என்பதுபோல் டிரைவரைப் பார்த்தார்.

வேடியப்பனின் கை சாவியின்மேல் இருந்தது. திருப்பவில்லை. பாட்டு பாதியில்தான் இருந்தது. அவர் மெதுவாகக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “நீங்க வாசிங்க” என்றார்.

காசி இறங்கிப் போய்ப் பின்னால் கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு வழி ஒதுக்கிக் கொடுத்தான். ஒரு மாட்டு வண்டி போனது, இரண்டு லாரி போனது. ஏழரை வண்டி வந்து, “இன்னா வேடி, பஞ்சரா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனது. வேடியப்பன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பயணிகளில் ஒருவர்கூட, மணி என்ன ஆகிறது, வண்டியை எடு என்று கேட்கவில்லை. கேட் திறந்து எட்டு நிமிஷம் கழித்துத்தான் கிளாரினெட் ஓய்ந்தது. வேடியப்பன் சாவியைத் திருப்பினார். போளூர் வரை யாரும் டேப்பைப் போடச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் நோட்டோடு எழுந்தே நின்றார். வேடியப்பனின் வண்டி லேட்டாக நுழைவதைப் பார்த்து மற்ற டிரைவர்களும் டீ கிளாஸோடு வந்துவிட்டார்கள்.

“எட்டு முப்பத்தி மூணு! நீயா வேடியப்பா? இன்னா ஆச்சு, கேட்டா?”

“ஆமா சார், கேட்டு சாத்திட்டாங்க” என்று காசி முந்திக்கொண்டான். பதினோரு வருஷத்துப் பெயரை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவனுக்குத் தவிப்பு.

“கேட்டு எப்பவோ தொறந்துட்டாங்க” என்றார் வேடியப்பன். “பாட்டு முடியல. அப்பிடியே எழுதிக்கோங்க.”